ஊதாங்குழல் வழியே போன குட்டி

எங்கள் ஊரில் எல்லா வீட்டு அடுப்பிலும் ஒரு பூனை தூங்கும். காலையில் களி கிளற வேண்டுமென்றால் முதலில் பூனையை எழுப்ப வேண்டும். அது எழுந்து, சாம்பலை உதறிவிட்டு, உரலுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். சமையல் முடிந்து தணல் அவிந்ததும் மறுபடி உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். ஒரு வேளை மட்டும் அடுப்பு எரிகிற வீட்டில் பூனைக்கு மிச்ச நேரமெல்லாம் தூக்கம்தானே, அதனால் எங்கள் பூனைகள் நல்ல கொழுகொழுவென்று இருக்கும்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் நேரே அடுப்படிக்குப் போய்ப் பூனையைத்தான் பார்ப்பார்கள். பூனை குண்டாக இருந்தால் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் பெட்டமேட்டிலேயே மணியக்காரர் வீட்டுப் பூனை ஒன்றுதான் ஒல்லி. அங்கே மூன்று வேளையும் அடுப்பு எரியும். பாவம், அதற்குக் கண்ணை மூட நேரமில்லை. அந்தப் பூனையை இரவல் வாங்கி வந்து அடுப்பில் படுக்க வைத்துத்தான் எங்கள் ஊர்ப் பையன்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆனது. என் அப்பாவும் அந்த ஒல்லிப் பூனையைப் பார்த்துத்தான் தலையாட்டினார். நான் மாலையும் கழுத்துமாக வந்து மறுநாள் அடுப்பைப் பார்க்கிறேன், மூட்டை மாதிரி ஒன்று குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. என்னத்தைச் சொல்ல!

மாதம்மா என் ஓரகத்தி. அண்ணனை அவள் கட்டினாள், தம்பியை நான் கட்டினேன். ஆண்கள் இரண்டு பேரும் ஓசூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருக்கிறோம். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சண்டை போடும்போதும் அக்காதான், மரியாதை குறையாது. சாலம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பற்றி ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் அவளிடம் நான் தோற்றுப்போனேன். களி கிளறுவதில் அவளை மிஞ்ச இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கே ஒரே அண்டாவில் களி பொங்குவோம். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு மூச்சு இழுத்து, அந்த மூச்சு விடுவதற்குள் அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். கேழ்வரகு மாவு அவள் கைக்கு அடங்கும். அவள் களியில் கட்டி தட்டி ஒருத்தரும் பார்த்ததில்லை.

அவள் வீட்டு அடுப்பில் தூங்குகிற பூனைக்குச் சாம்பி என்று பேர். ஒரு ஐப்பசி மழையில் சாம்பி அடுப்புக்குள்ளேயே குட்டி போட்டது. ஒரே ஒரு குட்டி. அன்றைக்கு விறகெல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தது. தாயையும் குட்டியையும் ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டு மாதம்மா ஊதாங்குழலை வாயில் வைத்தாள். குழலில் ஊதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வாயை எடுத்துவிட்டு மூச்சை இழுக்க வேண்டும், பிறகு வாயை வைத்து ஊத வேண்டும். கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அன்றைக்குக் களத்து வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், அவள் குழலை வாயிலிருந்து எடுக்காமலே மூச்சை இழுத்துவிட்டாள். புகையோடு சேர்ந்து குட்டியும் குழல் வழியாக உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் குட்டி அவள் நெஞ்சுக்குள்ளேதான் இருந்தது. குளிர் அடித்தால் கத்தும். புகை பட்டால் இன்னும் கத்தும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அந்தக் குர்குர் சத்தம் நன்றாகக் கேட்கும். படுத்தால் குட்டி மேலே ஏறித் தொண்டையை அடைக்கிறது என்று மாதம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். களியில் கட்டி தட்ட ஆரம்பித்தது. சாப்பிட்டவர்கள் எப்போதும்போல விழுங்கிவிட்டு எழுந்தார்கள். அவள்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

டவுன் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் நல்ல மனுஷன். குழாயை வைத்து முதுகிலும் மார்பிலும் பொறுமையாகக் கேட்டார். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்றார். குட்டி வளரும், நெஞ்சு வளராது. தை பிறப்பதற்குள் அது வெளியே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்கு உள்ளே இடம் இருக்காது. ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, புகை மட்டும் காட்டாதீர்கள் என்றார். புகை காட்டாமல் களி கிளற எங்களுக்கு வேறு வழி இருந்தால் நாங்கள் ஏன் அவரிடம் போகிறோம்? அதை அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டேன்.

புகை இல்லாத அடுப்பு என்று எங்கள் ஊருக்கு முன்னாலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள், குறை சொல்லக் கூடாது. ஒருத்தர் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுத்தார். பூனைகள் உள்ளே நுழைந்து, கதகதப்பாக இருக்கிறதென்று புகைபோக்கியிலேயே படுத்துக்கொண்டன. புகை வழியில்லாமல் வீட்டுக்கே திரும்பி வந்தது. இன்னொருத்தர் வெயிலில் சோறு வேகிற கண்ணாடிப் பெட்டி கொண்டுவந்தார். பூனைகளுக்கு அது உயிராகப் போய்விட்டது. எந்நேரமும் அதற்குள்தான். பூனை வெந்துவிடப் போகிறதே என்று நாங்கள் பெட்டியைத் தூக்கி நிழலில் வைத்தோம். இப்போது அதில் கோழிகள் அடைகாக்கின்றன, நல்ல பெட்டி.

அந்தக் கார்த்திகையில்தான் அமலோற்பவம் வந்தாள். சாணி கேஸ் கட்டிக் கொடுக்கிற வேலை. மெலிந்த உடம்பு, தோளில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு. மற்றவர்கள் எல்லாம் வந்ததும் எத்தனை மாடு இருக்கிறது, எவ்வளவு விறகு ஆகிறது என்று கேட்பார்கள். இவள் என் வீட்டு அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே, "கேஸ் வந்தா இது எங்கக்கா தூங்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பொசுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

அவள் சொன்ன ஏற்பாடு இதுதான். இரண்டு வீட்டுக்கு ஒரு குழி. குழியில் சாணிக் கரைசல். அதன் மேல், நடுவில் நட்ட ஒரு குழாயில் கோத்துக் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு டிரம். சாணியிலிருந்து கேஸ் ஊற ஊற டிரம் மேலே எழும்பும், அடுப்பை எரிக்க எரிக்கக் கீழே இறங்கும். டிரம் மேல் கனம் இருந்தால்தான் கேஸ் குழாயில் வேகமாகப் போகும். மார்கழிக் குளிரில் சாணி மந்தமாகிவிடும் என்பதால் மேலே சூடும் வேண்டும். கனமும் சூடும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் பூனைதான் என்றாள். குண்டுப் பூனை இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் வந்தேன் என்றும் சொன்னாள். எங்கள் பூனைகளை ஒரு வெளியூர் ஆள் புகழ்ந்து கேட்டது அன்றுதான்.

அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். முழங்கை வரைக்கும் சாணியில் விட்டுக் கரைப்பாள், முகம் சுளித்துப் பார்த்ததில்லை. எங்களோடு உட்கார்ந்து களியை மெல்லாமல் விழுங்கப் பழகிக்கொண்டாள். டிரம்மெல்லாம் இறக்கி முடிந்ததும் வீடு வீடாகப் போய் அந்தந்த அடுப்புச் சாம்பலை ஒரு முறத்தில் அள்ளி வந்து, அந்தந்த வீட்டு டிரம் மேல் பரப்பினாள். பூனைகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. மோந்து பார்த்தன. தங்கள் சாம்பல்தான் என்று தெரிந்ததும் டிரம் மேல் ஏறிப் படுத்தன. அன்றே ஊரில் நீலத் தீ எரிந்தது. கொழுத்த பூனை இருந்த வீட்டில் தீ நிமிர்ந்து நின்றது. மணியக்காரர் வீட்டில் திரி மாதிரி எரிந்தது, அவர் தம்முடைய ஒல்லிப் பூனைக்குப் பால் வைக்க ஆரம்பித்தார்.

சாம்பி மட்டும் வரவில்லை.

என் பூனை எங்கள் இரண்டு வீட்டு டிரம்மில் என் பக்கத்தில் ஏறிப் படுத்தது. மாதம்மா பக்கம் காலி. டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுக்குழாயில் இறுகிக்கொண்டது. என் வீட்டுக்கும் தீ இல்லை, அவள் வீட்டுக்கும் இல்லை. அமலோற்பவம் காலிப் பக்கத்தில் ஒரு கல்லை வைத்துப் பார்த்தாள். கனம் இருந்தது, சூடு இல்லை. கல்லுக்குக் கீழே இருந்த சாணி குளிர்ந்து தூங்கிவிட்டது. ஆட்டுக்குட்டியை ஏற்றினோம், அது ஓரிடத்தில் நிற்குமா?

மாதம்மா பழைய அடுப்பிலேயே ஈர விறகை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். குட்டி அடித்தொண்டையில் கத்தியது. அதைக் கேட்டதும் உரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாம்பி காதை நிமிர்த்தி அவள் மார்பையே பார்த்தது. நான் பொறுக்க முடியாமல் போய்ச் சத்தம் போட்டேன். ஒரு பூனையைத் தூக்கி டிரம்மில் போட வக்கில்லையா, ஊரே நீலத் தீயில் பொங்கித் தின்கிறது, நீ மட்டும் புகையைக் குடித்துச் சாகப் போகிறாயா என்று கேட்டேன்.

மாதம்மா மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அது குட்டி... எங்கிட்ட இருக்குது. குட்டிய வுட்டுட்டு... தாய் எப்படிடி எந்திரிச்சுப் போவும்?"

"நீ செத்துட்டா நான் யாருகிட்டக்கா சண்டை போடறது?" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே பேச்சு வராததைப் பார்த்து அவள்தான் பயந்துபோனாள்.

அமலோற்பவம் எங்கள் இரண்டு பேர் நடுவிலும் உட்கார்ந்து, மாதம்மாவின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். குட்டிக்கு வெளியே வர ஆசைதான், ஆனால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் புகை கண்ணைக் கரிக்கிறது, உடனே உள்ளே போய்விடுகிறது என்றாள். கொஞ்ச நாள் இந்த வீட்டில் புகையே இல்லாமல் இருந்தால் அது போன வழியே வரும். அதற்கு டிரம் நேராக நிற்க வேண்டும். அதற்குச் சாம்பிக்குப் பதிலாகக் கனமும் சூடுமுள்ள யாராவது அந்தப் பக்கத்தில் ஏறி உட்கார வேண்டும்.

நான் போர்வையை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

எனக்கு உடம்பு கொஞ்சம் பருமன். நான் ஏறியதும் டிரம் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. என்னைச் சமன் செய்ய என் பூனை ஒன்று போதவில்லை. அமலோற்பவம் தெருவில் போய் விஷயத்தைச் சொன்னாள். ஒரு வீட்டுப் பூனையை அனுப்பினால் அந்த வீட்டுத் தீ தாழ்ந்துவிடும், பருப்பு வேக நேரமாகும். இருந்தாலும் அனுப்பினார்கள். யாரும் யோசிக்கவில்லை. இந்த வீட்டுப் பூனை காலையில், அந்த வீட்டுப் பூனை மாலையில் என்று முறை வைத்துக்கொண்டு இடுப்பில் தூக்கி வந்து விட்டார்கள். மணியக்காரர் சம்சாரம்கூடத் தன் பூனையைப் புடவைத் தலைப்பில் போர்த்தி எடுத்து வந்தாள். அது சும்மா பேருக்குத்தான், கனமே இல்லை. ஆனால் கொண்டுவந்தாளே! எங்கள் ஊர் ஜனங்களை நான் எவ்வளவோ ஏசியிருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் ஒவ்வொருத்தரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

டிரம் நேராக நின்றது. மாதம்மா வீட்டில் நீலத் தீ எழுந்தது.

நான் அங்கேயே குடியிருந்தேன். அது அவரைக்காய்க் காலம், மடியில் முறத்தை வைத்து அவரைக்கொட்டை உரித்தேன். காலையில் கேஸ் நன்றாக ஊறி டிரம் மேலே வந்திருக்கும்போது நான் ஓட்டுக் கூரை உயரத்துக்கு ஏறியிருப்பேன். அங்கிருந்து பார்த்தால் பெட்டமேட்டுக் காடு முழுதும் தெரியும். நாங்கள் சுள்ளி பொறுக்கப் போகிற தடம் தெரியும். அந்தத் தடத்தில் யாரும் போகவில்லை, புல் முளைக்க ஆரம்பித்திருந்தது. எந்தக் கூரையிலிருந்தும் புகை வரவில்லை. அப்புறம் கீழே மாதம்மா களி கிளற ஆரம்பிப்பாள். அவள் கிளறக் கிளற நான் மெதுவாக இறங்குவேன். அவள் ஜன்னலுக்கு நேராக வரும்போது உள்ளே நீலத் தீயும், அவள் முகமும், பழைய அடுப்பில் அசையாமல் படுத்திருக்கும் சாம்பியும் தெரியும். எனக்கு ஒரு உருண்டை களியை ஜன்னல் வழியாகவே நீட்டுவாள். கட்டி கட்டியாகத்தான் இருக்கும். விழுங்கிவிடுவேன்.

குட்டியின் சத்தம் நாளுக்கு நாள் மாறியது. முதலில் கத்தல், பிறகு முனகல், பிறகு தொண்டைக்குக் கிட்டே வந்து கதவைப் பிறாண்டுகிற மாதிரி ஒரு சத்தம். மார்கழியும் முடியப் போகிறது. கோலத்தில் பூசணிப்பூ வைக்கிறவர்கள் பொங்கல் சாமான் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல்விட்டு எண்ணினேன். அமலோற்பவமும் எண்ணினாள். அவளுக்கு வேறு ஊரில் வேலை காத்திருந்தது, ஆனாலும் பையைத் தோளில் மாட்டுவதும் கழற்றி வைப்பதுமாக இருந்தாள்.

போகிக்கு முந்தின காலையில் மாதம்மா உலை வைத்தாள். வாசல் கதவு திறந்து கிடந்ததால் காற்றில் தீ கொஞ்சம் ஆடியது. கை பழக்கம் லேசில் போகுமா? தீ ஆடுகிறதே என்று அவள் தன்னையறியாமல் மூலையில் கிடந்த ஊதாங்குழலை எடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் கேஸ் வந்த புதிதில் எல்லாப் பெண்களும் செய்த தப்புதான் அது. நான் ஜன்னலுக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தேன். அக்கா, அது கேஸ், ஊதாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வாயை விலக்கி மூச்சை இழுத்தாள். புகையில்லாத மூச்சு. முறையாக, ஆழமாக, அடிவயிறு வரைக்கும் இழுத்தாள். குழலை வாயில் வைத்து ஊதினாள்.

தீ அணைந்துவிட்டது. குழலின் அந்த முனையில் முதலில் இரண்டு காது வந்தது, அப்புறம் தலை. தலை வந்துவிட்டால் பூனைக்கு உடம்பு ஒரு பொருட்டில்லை. நன்றாக வளர்ந்த சாம்பல் நிறப் பூனை ஒன்று அடுப்பு மேடையில் இறங்கி நின்று, மாதம்மாவைத் திரும்பிப் பார்த்தது. நெஞ்சுக்குள்ளே சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இல்லாத வீட்டை நான் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. டிரம் மேல் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதேன். மறைப்பானேன், சந்தோஷத்தில்தான் அழுதேன்.

சாம்பி பழைய அடுப்பிலிருந்து எழுந்தது. உடம்பை வளைத்துச் சோம்பல் முறித்தது. குட்டியின் முகத்தை ஒரு தரம் நக்கிவிட்டு முன்னால் நடந்தது. குட்டி பின்னால் வந்தது. இரண்டும் டிரம் மேல் ஏறி, நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. நான் முறத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மற்ற வீட்டுப் பூனைகளும் இறங்கித் தங்கள் தங்கள் டிரம்முக்குப் போயின.

மாதம்மா கேஸைப் பற்றவைத்து மறுபடி உலை ஏற்றினாள். அமலோற்பவம் வந்து அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். ஒரு பூனை அளவுக்கு உள்ளே இடம் காலியாக இருக்கிறது, இனிமேல் காற்று வந்து நிறையும் என்றாள். புது டிரம்மும் முதலில் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாளைக்குப் பழக வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் நல்லது என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் கன்னத்தையும் தொட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள். அவள் கையில் சாணி வாசனை இருந்தது. எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது.

தண்ணீர் கொதித்தது. மாதம்மா மாவைக் கொட்டி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, பழையபடி ஒரு மூச்சு இழுத்தாள். மூச்சு நிறைய நிறைய அவள் பாதம் தரையை விட்டு எழும்பியது. முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். துடுப்பு பானைக்கு எட்டாமல் போகும் போலிருந்தது.

"ஏ சாலம்மா, முந்தானையப் புடிச்சுக்கோ" என்றாள்.

நான் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு சுற்றுக் கிளறி மூச்சை விட்டாள், இறங்கினாள். இன்னொரு மூச்சு இழுத்தாள், எழும்பினாள். அப்படியே கிளறி முடித்தாள். தட்டில் கொட்டி ஒரு உருண்டையைப் பிட்டுப் பார்த்தேன். கட்டியே இல்லை.